‘ஓப்பன்’ ரகுபதி

பதினோராவது மாடித் தாழ்வாரத்தில் ரகுபதி முழங்காலிட்டு, இரும்புக் கேட்டின் பூட்டில் கன்னத்தை ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். இடக்கையில் வளைந்த கம்பி ஒன்று, வலக்கையில் நேர்கம்பி ஒன்று. பக்கத்தில் மீன் பையைப் பிடித்தபடி ஒரு சீன அம்மா நிற்கிறார். சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்வந்தவர். “ஓப்பன் லா, கண்ணு... ஓப்பன் லா. ஆண்ட்டி வாங்கின மீனு நாறப்போவுது” என்று ரகுபதி பூட்டிடம் கெஞ்சுகிறார். கெஞ்சி முடிப்பதற்குள் உள்ளே ஏதோ க்ளிக் என்கிறது. “ஓப்பன்!” என்று இந்த முறை தாழ்வாரம் முழுக்கக் கேட்கிறது.

உள்ளே ஒரே இருட்டு. “ஆண்ட்டி, ஓப்பன் லைட்” என்கிறார். அந்த அம்மா விளக்கைப் போடுகிறார். “ஓப்பன் ஃபேன்” என்கிறார். மின்விசிறி சுற்றுகிறது. தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டு, பூட்டை நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, “அங்கிள், யூ வெரி பவர் ஆ!” என்று சோயா பானம் ஒரு டின் கையில் திணிக்கப்படுகிறது. ரகுபதி அதை அந்த அம்மாவிடமே நீட்டி, “யூ ஓப்பன்” என்கிறார். டின்னின் வளையத்தைத் தூக்க அவருக்கு நகம் கிடையாது. தொழிலில் எல்லாம் தேய்ந்துபோய்விட்டது. ஊரில் எந்தப் பூட்டுக்கும் அசராதவர் டின் பானத்துக்கு மட்டும் அடுத்தவர் கையைப் பார்ப்பார்.

ரகுபதிக்கு அறுபத்து நான்கு வயது. ஆள் குள்ளம், முன்கை மட்டும் கட்டுமஸ்தானவருடையது. கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பார். மாட்டியிருக்கும்போதே அதைத் தேடவும் செய்வார். டன்லப் ஸ்திரீட்டில் ஒரு மாடிப்படிக்கு அடியில் அவர் கடை இருக்கிறது. கடை என்றால் அவர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும், எழுந்தால்தான் வாடிக்கையாளர் நிற்கலாம். சுவர் முழுக்கக் கொக்கிகள், கொக்கி முழுக்கச் சாவிகள். இந்தக் காலத்தில் சாவிக்கு ஏது வேலை என்று யாராவது அனுதாபப்பட்டால் சிரிப்பார். விரல் வைக்கும் பூட்டு, எண் அழுத்தும் பூட்டு, கைப்பேசியில் திறக்கும் பூட்டு எல்லாவற்றுக்கும் படித்துச் சான்றிதழ் வாங்கிவைத்திருக்கிறார். “முன்னாடி சாவிய மறந்தாங்க, இப்ப பேட்டரி மாத்த மறக்கறாங்க. மறக்கற சனம் இருக்கற வரைக்கும் நமக்கு என்ன லா கவலை?”

கடைத்தெருவில் அவருக்கு ‘ஓப்பன்’ ரகுபதி என்றுதான் பெயர். பூட்டுத் திறப்பதால் வந்த பெயர் என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். பத்து நிமிடம் பேச்சுக் கொடுத்தால் போதும், காரணம் தெரிந்துவிடும். அந்த மனிதரின் வாயில் புழங்குவதே ஒரு வினைச்சொல்தான். குடை, பொட்டலம், செருப்பு வார், சட்டைப் பொத்தான், டுரியான் பழம் எதுவானாலும் ஓப்பன் பண்ணுவார். தொட்டியில் மல்லிகை பூத்தால் “ஓப்பன் ஆயிருச்சு” என்பார். மழை விட்டு வெயில் அடித்தாலும் அதே சொல்தான். பெருமாள் கோயிலுக்குப் போனால் நடை ஓப்பன் ஆகும். பக்கத்து வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை தொடங்கினால், “அந்தம்மா ஓப்பன் பண்ணிட்டாங்க” என்று வானொலிச் செய்தி மாதிரி அறிவிப்பார். பல் வைத்தியர் வாயை ஓப்பன் பண்ணச் சொன்னார், மச்சான் மனசை ஓப்பன் பண்ணிப் பேசினான், போன வாரம் பிறந்த குழந்தை கண்ணை ஓப்பன் பண்ணிவிட்டது. கேட்பவர்களுக்கு ஒருமுறைகூட அர்த்தம் பிசகியதில்லை.

பதினேழு வயதில் ஒரு சீன முதலாளியிடம் தொழில் கற்றார். அவருடைய மொழியில் கதவையும் திறக்கலாம், விளக்கையும் திறக்கலாம், காரையும் ‘திறந்து’ ஓட்டிக்கொண்டு போகலாம். பட்டறையில் கூட இருந்த மலாய்க்காரரோ சட்டை, செருப்பு, கடை, விளக்கு எல்லாவற்றுக்கும் ‘புக்கா’, அதாவது ‘திற’, என்ற ஒரே சொல்லைப் போட்டு முடித்துவிடுவார். ரகுபதி இரண்டையும் கேட்டுக் கேட்டு, பொதுவாக இருக்கட்டும் என்று ஆங்கிலத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொள்ளும் அந்த ‘லா’ மட்டும் ஊர்ப் பொதுச்சொத்து.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி தமிழாசிரியர். முப்பத்து நான்கு வருடமாகப் பிடோக்கில் ஒரு தொடக்கப்பள்ளியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் பூங்கோதை. கனவில்கூடப் பேருந்து என்றுதான் சொல்வார் என்று ரகுபதி கேலி செய்வார். தோ பாயோவில் இருக்கும் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தினமும் ஒரு சொற்போர் நடக்கும்.

“கோதை, அந்த ஊறுகா பாட்டில கொஞ்சம் ஓப்பன் பண்ணேன்.”

“மூடியைக் கழட்டணும்.”

“அதான், ஓப்பன் பண்ணு.”

“ஏங்க, குடைய விரிக்கலாம், பொட்டலத்தப் பிரிக்கலாம், முடிச்ச அவிழ்க்கலாம், பழத்தப் பிளக்கலாம். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா எவ்வளவு அழகா சொல்லு வச்சிருக்காங்க!”

“அத்தன சாவிய எவன் தூக்கிட்டு அலையறது? என்கிட்ட மாஸ்டர் கீ இருக்குதுல்ல?”

பூங்கோதை தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொண்டே ஊறுகாயும் வைப்பார். இந்தச் சண்டையில் இரண்டு பேருக்கும் சந்தோஷம்தான். ஆனால் இதற்குப் பின்னால் இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசாத ஒரு விஷயம் பதினான்கு வருடமாகக் கிடந்தது.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் ஓர் ஏப்ரல். பள்ளிகளில் தமிழ்மொழி மாதம் கொண்டாடும் நேரம். பூங்கோதையின் பள்ளி மண்டபத்தில் பெற்றோர்களுக்கும் ஆசிரியர் குடும்பங்களுக்கும் ஒரு விளையாட்டு வைத்தார்கள். மேடையேறி ஒரு நிமிடம் தமிழில் பேச வேண்டும், பிறமொழிச் சொல் வந்தால் ஒரு மாணவி மணியடிப்பாள். ரகுபதி குஷியாக மேடை ஏறினார். ‘என் தொழில்’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். ஒரே நிமிடத்தில் பதினொரு தடவை மணி அடித்தது. மண்டபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவரும் சிரித்து, கும்பிடு போட்டு இறங்கினார். இறங்கும்போது முன்வரிசையில் யாரோ, “தமிழ் டீச்சர் வீட்டுலயே இப்படித்தானா?” என்று கேட்டது காதில் விழுந்தது. டாக்சியில் வீடு வந்து சேரும்வரை பூங்கோதை ஒரு வார்த்தை பேசவில்லை. சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு ரகுபதி அந்தப் பள்ளியின் வாசற்படி மிதிக்கவில்லை. காலையில் வேனில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிடுவார், மாலையில் வாசலிலேயே ஏற்றிக்கொள்வார். ஆசிரியர் தின விழாவோ ஆண்டு விழாவோ எது வந்தாலும், “வேல இருக்கு கோதை” என்றுவிடுவார். தன்னைப் பார்த்து ஊர் சிரித்ததில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. தன்னால் மனைவி தலைகுனிந்துவிட்டாளே என்பதுதான் அவரை அறுத்துக்கொண்டிருந்தது.

இந்த வருடம் பூங்கோதைக்குப் பணி ஓய்வு. அக்டோபரில் அருண்ராஜ் என்ற இளம் தமிழாசிரியர் ரகுபதியைத் தொலைபேசியில் அழைத்தார். “சார், டீச்சரோட ஃபேர்வெல்லுக்கு நீங்க மூணு நிமிஷம் பேசணும். தமிழ்ல.” “பார்த்துட்டுச் சொல்றேன்” என்று ரகுபதி வைத்துவிட்டார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தை மெல்ல எடுத்தார். பூங்கோதை தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “வேலை இருக்குன்னு சொல்லிடுங்களேன். அருண்ராஜ் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டாரு” என்றார். கணவர் சங்கடப்பட வேண்டாம் என்று சொன்னாரா, தான் சங்கடப்பட வேண்டாம் என்று சொன்னாரா? கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ரகுபதி கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, “வர்றேன்னு சொல்லிட்டேன்” என்று ஒரு பொய் சொன்னார். பிறகு கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அருண்ராஜை அழைத்து அதை உண்மையாக்கினார்.

பயிற்சிக்களம் அப்துல் முத்தலிப்பின் தேநீர்க்கடை. ரகுபதியின் கடைக்கு நாலு கடை தள்ளி இருக்கிறது. முத்தலிப் பள்ளிவாசலில் நடக்கும் வெள்ளிக்கிழமைப் பயான் உரையை ஒரு வாரமும் தவறவிடாதவர், நல்ல தமிழுக்குக் காது உள்ளவர். விஷயத்தைக் கேட்டதும் காலி பால் டப்பா ஒன்றைக் கவிழ்த்துவைத்து, தேத்தண்ணி கலக்கும் கரண்டியை ஓங்கிக்கொண்டார். “ஆரம்பி ரகு. வீட்டுக்காரங்களப் பத்திப் பேசு.”

“பூங்கோதை வந்து... என் லைஃப்ல—”

டங்.

“அவங்க ஸ்கூல்ல—”

டங்.

“மொத நாளு அவங்க கிளாஸ்—” டங். “சரி பாய், சரி. அவங்க கதவ ஓப்—”

டங்.

“இன்னும் சொல்லியே முடிக்கலயே பாய்!”

“வாசம் வந்துருச்சு லா” என்றார் முத்தலிப்.

மூன்று நாளில் டப்பா நசுங்கிப்போய் வேறு டப்பா மாற்ற வேண்டியதாயிற்று. தேநீர் குடிக்க வந்தவர்களும் விளையாட்டில் சேர்ந்துகொண்டார்கள். ஒரு டாக்சி ஓட்டுநர் பயணி காத்திருக்கிறார் என்பதையே மறந்து, “அண்ணே, ‘டென்ஷன்’னு சொன்னீங்க, நான் கேட்டேன்” என்று காட்டிக்கொடுத்தார். இடையில் ஒருநாள் ரகுபதி பொறுமை இழந்து, “நோன்புக்கு மட்டும் நீங்க என்ன பண்றீங்க பாய்? அதையும் ஓப்பன்தானே பண்றீங்க?” என்று மடக்கினார். “நாங்க நோன்பு திறக்கிறோம் ரகு. எங்க தாத்தன் காலத்துலேர்ந்து திறக்கிறோம்” என்று சொல்லிவிட்டு முத்தலிப் டப்பாவை இரண்டு தட்டு தட்டினார். ஒன்று அந்தச் சொல்லுக்கு, இன்னொன்று எதிர்த்துப் பேசியதற்கு.

வீட்டுப்பாடம் கடையில் நடந்தது. ரகுபதிக்கு எதையும் கொக்கியில் மாட்டினால்தான் நினைவிருக்கும். ஒட்டுநாடாவைக் கிழித்து, பேனாவால் எழுதி, சாவிக் கொக்கிகளுக்கு மேலே ஒட்டினார்: விரி. பிரி. அவிழ். கழற்று. பிள. மலர். ஒவ்வொரு சாவியை எடுக்கும்போதும் அதற்கு மேலே இருக்கும் சொல்லை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்வார். கட்டுமான வேலைக்கு வந்திருக்கும் தஞ்சாவூர் இளைஞர் ஒருவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “அண்ணே, அந்த ‘அவிழ்’ சாவி எந்தப் பூட்டுக்குப் போடுறது?” என்று மரியாதையாகக் கேட்டார்.

இந்த ரகசியம் பூங்கோதைக்குத் தெரியாது. ஒரு காலையில் ரகுபதி தன்னை மறந்து, “கோதை, திரையை விலக்கி, சன்னலைத் திற” என்றுவிட்டார். பூங்கோதை பதறிப்போய் வந்து அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை என்று தெரிந்த பிறகும் இரண்டு மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்பினார்.

விழா நவம்பரில் ஒரு பிற்பகல். பதினான்கு வருடத்துக்குப் பிறகு வேன் பள்ளி வாசலைத் தாண்டி உள்ளே போய் நின்றது. ரகுபதி விழாவுக்கென்று பூ வேலைப்பாடு அச்சிட்ட நீளக்கை பாத்தேக் சட்டை போட்டிருந்தார். கடையைச் சாத்திவிட்டு வந்த முத்தலிப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் சட்டைப்பையிலிருந்து கரண்டியின் காம்பு எட்டிப் பார்த்தது. அருண்ராஜ் பெயரைச் சொல்லி அழைத்ததும் ரகுபதி மேடையேறினார். கையில் காகிதம் எதுவும் இல்லை. ஒலிவாங்கியை எட்டிப் பிடித்துத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டார்.

“பெரியோர்களே, ஆசிரியர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். நான் பூட்டுத் திறக்கிறவன். என் மனைவி அதைவிடக் கடினமான வேலை பார்த்தவர். பேசக் கூச்சப்பட்டு வந்த பிள்ளைகளின் நாவில் விழுந்திருந்த முடிச்சை அவிழ்த்தார். அவர்கள் பயத்தைக் கழற்றி வகுப்புக்கு வெளியே போட்டார். பலாப்பழத்தைப் பிளந்து சுளை எடுத்துக் கொடுப்பதுபோல் பாட்டுக்குப் பொருள் சொன்னார். அவர் நூலைப் பிரித்தபோதெல்லாம் பிள்ளைகள் முகம் மலர்ந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் இதைச் செய்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து எனக்குச் சோறும் போட்டார்...”

மூன்று நிமிடம் பத்து விநாடி. பின்வரிசையில் முத்தலிப் சட்டைப்பையிலிருந்து கரண்டியை எடுக்கவேயில்லை. பேச்சு முடிந்ததும் மண்டபம் எழுந்து நின்றது. பழைய மாணவர்கள் விசிலடித்தார்கள். “ஒரு ஆங்கிலச் சொல் கூட இல்லை!” என்று அருண்ராஜ் ஒலிவாங்கியில் அறிவித்தார். ரகுபதி பெருமையோடு முன்வரிசையைப் பார்த்தார். பூங்கோதை கைதட்டிக்கொண்டிருந்தார், புன்னகையும் இருந்தது. ஆனால் அது பேச்சுப் போட்டியில் அடுத்த பள்ளிப் பிள்ளை பரிசு வாங்கும்போது ஆசிரியர்கள் காட்டும் புன்னகை. ரகுபதிக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

திரும்பும் வழியில் வேன் முழுக்கப் பூங்கொத்து. விரைவுச்சாலையில் ஏறி வெகுதூரம் வரும்வரை பூங்கோதை பேசவில்லை. அந்த மௌனத்தை ரகுபதி ஏற்கெனவே ஒருமுறை டாக்சியில் பார்த்தவர்.

“ஏன் கோதை, எங்கயாச்சும் தப்பா வந்துருச்சா?”

“ஒரு பிழை இல்லைங்க.”

“அப்புறம் ஏன் இப்படி வர்றே?”

பூங்கோதை மடியிலிருந்த பூங்கொத்தை நகர்த்தி வைத்தார். “அன்னிக்கு டாக்சில நான் ஏன் பேசாம வந்தேன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். என்னால உனக்கு அவமானம்.”

“அப்படியா நினைச்சீங்க இத்தன வருசமா?” பூங்கோதை முழுதாக அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். “அந்தப் பொண்ணுகிட்ட மணியக் கொடுத்து, யாருக்கும் பாவம் பார்க்காம அடின்னு சொல்லிக்கொடுத்ததே நான்தாங்க. ஊரே சிரிச்சுது, நீங்களும் சிரிச்சீங்க. கட்டினவர மேடையில நிக்கவச்சு வேடிக்கை காட்டிட்டோமேன்னு எனக்குத்தான் உங்க மூஞ்சியப் பார்க்க முடியல. அதனாலதான் இந்தத் தடவ வர வேணாம்னு சொன்னேன்.”

ரகுபதி இறங்குவழியைத் தவறவிட்டார். அடுத்த இறங்குவழியில் இறங்கிச் சுற்றிக்கொண்டு வர இருபது நிமிடம் கூடுதலாக ஆயிற்று. அந்த இருபது நிமிடமும் அவர் முகத்தில் அசட்டுச் சிரிப்பு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பதினான்கு வருடமாகத் தூக்கிச் சுமந்தது தனதே இல்லை என்று தெரிந்தால் எந்த மனிதருக்கும் அப்படித்தான் இருக்கும். வேனில் ஒலித்த வானொலிப் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டே ஓட்டினார்.

“இன்னிக்குப் பேசினது ரொம்ப நல்லா இருந்துச்சு” என்றார் பூங்கோதை, மின்தூக்கியில் ஏறும்போது. “ஆனா யாரோ ஒரு பேச்சாளர் பேசற மாதிரி இருந்துச்சு. நான் மூணு நிமிசமும் உங்களத் தேடிக்கிட்டே இருந்தேன்.”

வீட்டு வாசலுக்கு வந்தார்கள். பூங்கோதையின் இரண்டு கையிலும் பூ, கழுத்துவரை பூ. ரகுபதி பாத்தேக் சட்டையின் பையில் துழாவிச் சாவியை எடுத்துப் பூட்டில் விட்டார். விட்டவர் திருப்பாமல், பிள்ளைகள் கொடுத்த ரோஜாக் கொத்துக்கு மேலே தெரிந்த மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னங்க அப்படிப் பார்க்கறீங்க? கை வலிக்குது” என்ற பூங்கோதை, எதிர்வீட்டுக் கதவை ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, முப்பத்து நான்கு வருடத் தமிழாசிரியர் வேலையில் முதல் முறையாக அதைச் சொன்னார். “கதவ ஓப்பன் பண்ணுங்க லா.”

ரகுபதி சாவியைப் பூட்டிலிருந்து உருவினார். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கதவில் சாய்ந்து, இன்னொரு தடவை சொல்லட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.